அத்தையின் செருப்பு

சென்ற கார்த்திகையில் ஒரு சாயங்காலம். விளக்கேற்றப் போனவள், கூடத்தில் வரிசையாகச் சிவப்புப் பொட்டுகளைப் பார்த்தேன். குங்குமம் சிந்திவிட்டதோ என்று குனிந்து தொட்டால், ரத்தம்! அடுப்படியில் என் மாமியார் நிம்மதியாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அத்தைக்குப் பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. புதுச் செருப்பிலிருந்து ஆணி ஒன்று மேலே கிளம்பியிருக்கிறது. மத்தியானம் கணியம்பாடி கடைத்தெருவுக்குப் போய் வந்ததெல்லாம் அதை மிதித்துக்கொண்டுதான்.

புண் ஆற ஆறு வாரம் ஆயிற்று.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் இருக்கும் என் தம்பி பார்க்க வந்தான். என் கோபத்தையெல்லாம் அவன் தலையில் கொட்டினேன். "நல்லா உழைக்கும்னு சொல்லித்தானேடா வித்தாங்க?"

"அக்கா, எத்தனை நாள் உழைக்கும்னு மட்டும் கேட்டா போதாது. எப்படிக் கெடும், கெட்டா யாருக்கு முதல்லே தெரியும்னு கேக்கணும்" என்றான். 'ரிலையபிலிட்டி இன்ஜினீயரிங்' என்று அதற்கு ஒரு படிப்பே இருக்கிறதாம். செருப்பை மெஷினில் பல்லாயிரம் தடவை மடக்கி மடக்கி, முதலில் எது விடுகிறது என்று பார்ப்பார்களாம்.

பால் கணக்குக் காலண்டரின் பின்பக்கம் ஒரு கணக்குப் போட்டான். செருப்பில் வார், அடி, பசை, தையல், பக்கிள் என்று ஐந்து. ஒவ்வொன்றும் ஒரு வருஷம் தாங்க நூற்றுக்கு 95 வாய்ப்பு. "அப்போ செருப்பும் 95தானே?" என்றேன். இல்லையாம், ஐந்தில் எது போனாலும் செருப்பு போச்சு, ஆகையால் ஐந்தையும் பெருக்க வேண்டும். பெருக்கினால் 77தான் வருகிறது! நம்பாமல் நானும் பெருக்கிப் பார்த்தேன்.

இன்னொன்று: சாமான்கள் பெரும்பாலும் புதிதிலே கெடும், இல்லாவிட்டால் தேய்ந்த பிறகு கெடும், நடுவில் தொல்லை குறைவு. இதைப் படமாகப் போட்டால் குளிக்கும் தொட்டி மாதிரி இரண்டு பக்கமும் உயர்ந்து இருக்குமாம். புது மிக்ஸி வாங்கினால் பெட்டியோடு பத்திரப்படுத்தாமல் முதல் வாரமே நன்றாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

குக்கரில் வெயிட் அடைத்துக்கொண்டால் சேஃப்டி வால்வு உருகி வழிவிடுகிறதே, அதுவும் இந்தப் படிப்புதான். ஒன்று கெட்டால் காப்பாற்ற இன்னொன்று. நம் பாதத்துக்கு வலிதான் சேஃப்டி வால்வு. அத்தைக்கு அதுதான் இல்லை.

இதை நம் வேலூர்ப் பக்கத்தில் முன்பே கண்டுபிடித்திருக்கிறார்கள். 1946-ல் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாமல் படுகிற காயத்தால்தான் புண்ணாகிறது என்று எடுத்துக் காட்டினார். காட்பாடிக்கு அப்பால் கரிகிரியில் 1955-ல் தொழுநோய் மையம் வந்தது. அங்கெல்லாம் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பரில் செருப்பு செய்தார்கள். அதில் ஆணியே கிடையாது, பசையும் தையலும்தான். ஆணியை இன்னும் பலமாக அடிப்பதைவிட ஆணியே வேண்டாம் என்பது எத்தனை நல்ல யோசனை! இப்போது சர்க்கரைக்காரர்களுக்கும் அதையே போடச் சொல்கிறார்கள்.

அந்த ரப்பரும் நாளடைவில் அமுங்கிப்போகும். கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்று இல்லையா, கிழியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். "நல்லாத்தானேம்மா இருக்கு, காசு என்ன மரத்திலேயா காய்க்குது?" என்று அத்தை ஒரு பாட்டம் பாடினார். நான் விடவில்லை.

தினம் ராத்திரி அத்தையின் பாதத்தையும் விரலிடுக்கையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறேன். காலையில் செருப்புக்குள் கை விட்டுத் தடவின பிறகுதான் போட விடுகிறேன். வாங்கின தேதியைப் பால்பாயிண்ட் பேனாவால் செருப்பின் ஓரத்தில் எழுதினேன்.

"ஏம்மா, செருப்புக்குமா ஜாதகம் எழுதுறே?" என்றார் அத்தை. குக்கர் காஸ்கட்டுக்கும் எழுதி வைத்திருப்பதை அவர் இன்னும் பார்க்கவில்லை.