மூன்று கம்பி ஜீப்

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் மலைச்சாலையில் இன்று பஸ் போகிறது, குட்டி யானை போகிறது, மொபெட்டில் தக்காளிக் கிரேட்டுகளைக் கட்டிக்கொண்டு போகிறவரும் உண்டு. தார் ரோடு முடிந்து மண் பாதை பிரியும் இடத்துக்கு அப்பால்தான் கதை மாறுகிறது. பலாவும் புளியும் கீழே இறங்க வேண்டிய மேட்டுக் கிராமங்களுக்கு இன்னமும் பழைய ஜீப்தான் கை கொடுக்கிறது. பெயின்ட் போய், கதவு இல்லாமல், தார்ப்பாய் கிழிந்து நிற்கும் வண்டி. பார்த்தால் காயலான் கடைக்குப் போகவேண்டியது போல இருக்கும். அதை டிரைவரிடம் சொல்லிவிட்டு அந்த வண்டியிலேயே ஏற முடியாது.

பழைய மாடல்களில் டிரைவர் பக்கத்தில் மூன்று கம்பிகள் நிற்கும். ஒன்று வழக்கமான கியர். இரண்டாவது முன்சக்கரங்களுக்கும் இழுவை கொடுப்பது. மூன்றாவது 'லோ' போடுவது. அதைப் போட்டால் வேகம் பாதிக்கும் கீழே போகும், இழுவை அந்த அளவுக்குக் கூடும். செயற்கைக்கோளும் செல்போனும் இல்லாத நாளில் கண்டம் விட்டுக் கண்டம் போனவர்கள் நம்பியதும் இந்த மூன்று கம்பிகளைத்தான், அல்லது அவற்றின் சீமைச் சகோதரனை. ஆனால் இந்த வண்டிகள் ஊர் சுற்றுவதற்காகப் பிறந்தவை அல்ல. விவசாயிக்கு அதில் ஒரு பங்கு ஆரம்பத்திலேயே உண்டு.

ஜீப் 1941-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது. வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து உலகப்போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. போர் முடியும் சமயத்தில் வில்லிஸ் கம்பெனி அதை யாரிடம் விற்பது என்று யோசித்து, விவசாயிகளைப் பிடித்தது. 1945-இல் வந்த சி.ஜே.-2ஏ மாடலுக்குக் கலப்பை மாட்டலாம், டிரெய்லர் இழுக்கலாம், பி.டி.ஓ. வைத்து மரம் அறுக்கும் ரம்பத்தை ஓட்டலாம் என்றுதான் விளம்பரம். இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ் தம் பண்ணையில் ஒரு போர்க்கால ஜீப்பை வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, இதையே நாமும் செய்யலாமே என்று இறங்கினார். 1948-இல் லேண்ட் ரோவர் வந்தது. முதல் சோதனை வண்டியில் ஸ்டியரிங் டிராக்டர் மாதிரி நடுவில் இருந்தது. போருக்குப் பின் இரும்புத் தகடு கிடைக்காத காலம் என்பதால் மேல்பகுதி அலுமினியத்தில் செய்யப்பட்டது. அதனால்தான் எழுபது வருடம் கழித்தும் அந்த உடம்பு துருப்பிடித்து உதிரவில்லை.

நம் நாட்டுக்கு நாற்பதுகளின் கடைசியில் மஹிந்திரா மூலம் வில்லிஸ் ஜீப் வந்தது. பம்பாயில் கோத்து விற்றார்கள். பிறகு இங்கேயே செய்தார்கள். பெட்ரோல் குடித்தே முதலாளியை ஏழையாக்கும் வண்டி அது. டீசல் எஞ்சின் ஏறிய பிறகுதான் மலைக் கிராமத்துக்காரர்களுக்கு அது கட்டுபடியானது. அந்த டீசல் எஞ்சினின் பூர்வீகம் இன்டர்நேஷனல் பி-275 டிராக்டர். டிராக்டர் மெக்கானிக் ஜீப்பைத் திறந்தால் அந்நியமாக உணராததற்குக் காரணம் அதுதான்.

இந்த வண்டிகளால் எவ்வளவு தூரம் போகமுடியும் என்பதற்கு ஒரு பயணத்தைச் சொல்லலாம். 1955 செப்டம்பர் 1-ஆம் தேதி லண்டனிலிருந்து இரண்டு லேண்ட் ரோவர்கள் கிளம்பின. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள். ஒரு வண்டிக்கு ஆக்ஸ்ஃபோர்டு, மற்றதற்கு கேம்பிரிட்ஜ் என்றே பெயர். தரைவழியாகவே சிங்கப்பூர் வரை போவது திட்டம். துருக்கி, ஈரான், பாகிஸ்தான், இந்தியா வரைக்கும் முன்பே பலர் வந்திருந்தார்கள். அதற்கப்பால் பர்மாக் காடு. அங்கேதான் எல்லோரும் நின்றுபோனார்கள்.

அஸ்ஸாமின் லேடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனாவுக்கு உலகப்போரில் அமெரிக்கர்கள் போட்ட ரோடு ஒன்று இருந்தது. ஸ்டில்வெல் ரோடு என்பார்கள். போர் முடிந்து பத்து வருடத்தில் காடு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பாலங்கள் இல்லை, மண் சரிந்து கிடந்தது. அந்த ஆறு பேரும் வின்ச்சும் மண்வெட்டியும் கயிறும் வைத்துக்கொண்டு அதைக் கடந்தார்கள். 1956 மார்ச் 6-ஆம் தேதி சிங்கப்பூர் சேர்ந்தார்கள். ஆறு மாதமும் ஆறு நாளும். லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை காரில் போன முதல் பயணமாக அது பெயர் வாங்கியது. குழுவில் ஒருவரான டிம் ஸ்லெஸ்ஸர் அதைப் புத்தகமாக எழுதினார். டேவிட் ஆட்டன்பரோ அப்போது பி.பி.சி.யில் இருந்தார். ஃபிலிம் சுருள் கொடுத்து அனுப்பியதே அவர்தான்.

இதைப் படிக்கும்போது தமிழருக்கு இன்னொன்றும் நினைவு வராமல் போகாது. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது, வண்டியும் இல்லாமல், வரைபடமும் இல்லாமல், கைக்குழந்தைகளோடு நம் ஜனங்கள் அந்த எல்லை மலைகளை நடந்தே தாண்டினார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். வெ. சாமிநாத சர்மா அந்த நடையைப் புத்தகமாக எழுதி வைத்திருக்கிறார். சாகசப் பயணம் என்று ஒன்றைப் புகழும்போது, அதே மலையை வேறு வழியில்லாமல் கடந்தவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

ஓசூர்ப் பக்கம் காடு பார்த்துத் திரிந்தவர்களில் வெளியுலகம் அறிந்த பெயர் கென்னத் ஆண்டர்சன். பெங்களூரில் வாழ்ந்து 1974-இல் இறந்தவர். ஆட்கொல்லிச் சிறுத்தை, புலி வேட்டைக் கதைகளை எழுதியவர். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல் என்று நம் ஊர்ப் பெயர்களெல்லாம் அவர் புத்தகங்களில் வரும். அவர் ஓட்டியது ஜீப் அல்ல, ஸ்டூடிபேக்கர் கார். பின்சக்கர இழுவை மட்டுமே உள்ள வண்டி. ரோடு முடிந்த இடத்தில் காரை விட்டுவிட்டு, உள்ளூர் ஆட்களை நம்பி நடந்தார். வேட்டைப் பெருமையை இன்று யாரும் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. வண்டி எவ்வளவு நல்லதானாலும் வழி சொன்னது இருளரும் மாடு மேய்ப்பவர்களும்தான்.

பழைய ஜீப் டிரைவர்களின் வித்தை தண்ணீரில்தான் தெரியும். அஞ்செட்டிப் பக்கத்துத் தொட்டல்லா போன்ற காட்டாறுகள் காலையில் மணலாகக் கிடக்கும். மேலே மழை பெய்தால் மாலையில் ஆளை இழுக்கும். (இந்தத் தண்ணீரெல்லாம் போய்ச் சேரும் காவிரியில்தான் பிலிகுண்டுலு இருக்கிறது. கர்நாடகம் விடும் தண்ணீரை அளக்கும் இடம்.) அனுபவசாலி டிரைவர் நேராக இறங்கமாட்டார். முதலில் ஒருவர் கோலோடு இறங்கிக் குறுக்கே நடப்பார். முழங்காலுக்கு மேலே போய், கால் நிற்காமல் இழுத்தால் வண்டி இறங்காது, அவ்வளவுதான். எத்தனை அவசரமானாலும் அப்புறம்தான்.

"அண்ணா, உள்ளே புள்ளத்தாச்சி இருக்குதுணா, கொஞ்சம் பாருங்கணா."

"அதனாலதாம்மா நிக்கிறேன். தண்ணி வடியட்டும்."

இந்த மாதிரிப் பேச்சு அந்தக் கரைகளில் புதிதல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டி என்பதால் ஆறு வழி விடாது. பாலம் வரும்வரைக்கும் இதுதான் நிலைமை. சில கிராமங்களில் பாலம் வந்துவிட்டது, சிலவற்றில் ஒவ்வொரு தேர்தலிலும் பேச்சு மட்டும் வருகிறது. ஜீப்பே ஏற முடியாத ஊர்களும் உண்டு. தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை மேல் போன செய்தியைப் பேப்பரில் பார்த்திருப்பார்கள்.

பெட்ரோல் ஜீப் காலத்தில் ஆற்றில் இறங்குமுன் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிடுவார்கள். ஃபேன் சுற்றினால் தண்ணீரை வாரி டிஸ்ட்ரிபியூட்டர் மேல் அடிக்கும், கரன்ட் போய் நடு ஆற்றில் எஞ்சின் நின்றுவிடும். டீசல் வண்டிக்கு அந்தப் பயம் இல்லை. அதற்கு வேறு பயம். காற்று இழுக்கும் வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டன் தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். ஆகவே லோ போட்டு, முதல் கியரில், நிறுத்தாமல், அலை கிளப்பாமல் மெதுவாகக் கடப்பது. கரை ஏறியதும் பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தியபடி நாலு அடி ஓட்டிக் காயவைப்பது. இதை மறந்தவர்கள் அடுத்த இறக்கத்தில் ஞாபகப்படுத்திக்கொள்வார்கள்.

தண்ணீர் கடந்த வண்டியின் கிரௌன் ஆயிலைப் பார்க்கவேண்டும் என்பதும் அந்தக் காலப் பாடம். சூடாக ஓடிய பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்றவேண்டும். சேற்றுழவு ஓட்டும் டிராக்டருக்கும் இதே கணக்கு. கிரௌன் பல் தேய்ந்து சத்தம் வந்த பிறகு மெக்கானிக்கிடம் போவதைவிட, சேற்றுழவு முடிந்ததும் ஆயில் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்ப்பது மலிவு.

இப்போது நான்கு சக்கர இழுவை டிராக்டர் நிறையப் பேர் வாங்குகிறார்கள். ஜீப்காரர்கள் ஐம்பது வருடமாகச் சொல்லிவரும் ஒன்றை அவர்கள் காதில் போட்டுக்கொள்ளலாம். தார் ரோட்டில் முன்சக்கர இழுவையை எடுத்துவிட வேண்டும். வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் ஓடும். சேற்றிலோ மணலிலோ டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க இடம் இல்லை. முறுக்கம் முழுதும் ஜாயின்டிலும் பல்லிலும் போய் உட்காரும். டயர் தேய்வது கண்ணுக்குத் தெரியும், பல் தேய்வது தெரியாது. லீவர் இறுகிக்கொண்டு வரமறுத்தால் பலம் காட்டாமல் வண்டியை நாலு அடி பின்னால் எடுத்தால் முறுக்கம் விட்டு லீவர் தானே வரும்.

இன்னொரு தப்பெண்ணம்: நான்கு சக்கரமும் இழுத்தால் மாட்டவே மாட்டாது என்பது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சும்மா சுழன்றால் மற்ற இரண்டும் நின்றுவிடும், வண்டி அப்படியே இருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் குழி ஆழமாவதுதான் மிச்சம். ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்துக்கு அடியில் கல்லும் தழையும் கோணியும் கொடுத்து வெளியே எடுப்பதே வழி. மணலில் காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகப் படிந்து ஏறும். ரோட்டுக்கு வந்ததும் காற்றை மறுபடி அடிக்கவேண்டும், அதற்குத்தான் அந்தக் கால வண்டிகளில் கைப்பம்பு கிடக்கும். பெட்ரோல் டேங்க் ஒழுகினால் துணி சோப்பை அழுத்தித் தேய்த்து அடைத்து ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. வெயிலில் பெட்ரோல் ஆவியாகி எஞ்சின் நின்றால் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றுவது எல்லா டிரைவருக்கும் தெரிந்த வைத்தியம்.

ஜீப்பின் இடத்தைப் பிடித்தது யார் என்று பார்த்தால் பாதி பதில் ஓசூரிலேயே இருக்கிறது. 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் இந்த ஊர்த் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அதே வருடம் அசோக் லேலண்டும் இங்கே ஆலை தொடங்கியது. 2011-இல் அங்கிருந்துதான் தோஸ்த் மினி லாரி வெளிவந்தது. இப்போது போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள். இத்தனை வண்டி செய்யும் மாவட்டத்தில், மேலகிரிப் பக்கம் பிரசவத்துக்கு இறங்க முப்பது, நாற்பது வருடப் பழைய ஜீப்பை எதிர்பார்த்து நிற்கும் வீடுகளும் இருக்கின்றன. வண்டி குறைவதால் வந்த பிரச்சினை இல்லை இது. ரோடு போடாததால் வந்தது.

இப்போது அந்த ஜீப்பும் மலையை விட்டு இறங்குகிறது. வார இறுதியில் காட்டு வழி ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் நகரத்துக்காரர்களுக்குப் பழைய ஜீப் மேல் ஒரு மோகம். பெங்களூர் பக்கத்தில் இருக்கிறது, பணமும் இருக்கிறது. புளி விலை சரிந்த வருடத்தில் ஒரு நல்ல விலை சொன்னால் விற்காமல் என்ன செய்வது? விற்பவரைக் குறை சொல்ல இடமில்லை. இன்னொரு பக்கம் காகிதச் செலவு. 15 வருடம் கடந்த சொந்த உபயோகக் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. 50 வருடம் தாண்டியதை 'வின்டேஜ்' என்று பதியலாம் என 2021-இல் விதி வந்தது, அதற்குப் புதிதாகப் பதிய 20,000 ரூபாய். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. பலா ஏற்றும் ஜீப்புக்கு அந்தப் பட்டத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

லண்டனிலிருந்து கிளம்பிய அந்த இரண்டில் கேம்பிரிட்ஜ் பிறகொரு பயணத்தில் பள்ளத்தாக்கில் விழுந்து ஒழிந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல கைமாறி, அட்லாண்டிக் கடல் நடுவே செயின்ட் ஹெலீனா தீவில் கிடந்தது. அதை எடுத்துச் சீர்செய்து 2019-இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு ஓட்டினார்கள். அதே பட்டை ஸ்பிரிங்.

இங்கே பழைய ஜீப் வாங்க நினைக்கும் விவசாயி பார்க்கவேண்டியவை கொஞ்சம்தான். சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்பது முதல். எஞ்சின் மாற்றிய வண்டிகள் அதிகம், ஆர்.சி.யில் ஏறாவிட்டால் பின்னால் பதிவு புதுப்பிக்க முடியாது. அடுத்து, சேற்றிலோ தளர்ந்த மண்ணிலோ இறக்கி முன்சக்கரம் நிஜமாகவே இழுக்கிறதா என்று பார்க்கவேண்டும். லீவர் இருக்கும், உள்ளே சாஃப்ட் கழற்றியிருப்பார்கள். கிரௌன் ஆயில் நிறம். சேஸிஸ் சட்டத்தில் வெல்டிங் வைத்த இடங்கள். காட்டுப் பாதையில் போகும் வேலை இருந்தால் வனத்துறையிடம் கேட்டுக்கொள்வதும் அவசியம். அஞ்செட்டி, ஊரிகம் பக்கக் காடுகள் 2014 முதல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தில் சேர்ந்தவை. இருட்டிய பிறகு அங்கே முன்னால் நிற்பது யானையாகவும் இருக்கலாம், அதற்கு லோ கியர் உதவாது.