முதற் குவளை

செட்டிநாட்டின் பழைய மாளிகைகள் பலவற்றில் மோட்டார் கொட்டகைகள் உண்டு. பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்று ஈட்டிய பொருளில், 1920களில் கப்பலேறி வந்த கார்கள் நின்ற இடங்கள் அவை. காரைக்குடிக்கு அருகே ஒரு வீட்டில் அத்தகைய காரொன்று பல்லாண்டுகளாக உறங்கிக் கிடந்தது. பேத்தியின் திருமணத்திற்குள் அதை ஓடவைக்க வேண்டுமென்பது அவ்வீட்டு ஆச்சியின் ஆசை. நமது பங்கைச் சேர்ந்த முதிய மெக்கானிக் ஒருவர் அப்பணியை ஏற்றார். ஒரு மாலை, வேடிக்கை பார்க்க நாமும் உடன் சென்றோம்.

பெட்ரோலை இஞ்சினுக்குக் கொண்டு சேர்ப்பது அந்நாளில் எளிய காரியமன்று. 1888இல் பெர்த்தா பென்ஸ் அம்மையார் தம் கணவர் உருவாக்கிய வண்டியை மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரை ஓட்டிச் சென்றபோது, அடைபட்ட எரிபொருள் குழாயைத் தம் தொப்பி ஊசியாலேயே குத்திச் சீராக்கினார். 1908இல் வந்த ஃபோர்டு 'டி' வண்டியில் தொட்டி இருக்கைக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் தானே வழிந்து இறங்க வேண்டும். தொட்டியில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால், வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே ஏற்றுவார்களாம்!

நாம் கண்ட காரில் பெரிய தொட்டி பின்னால், தாழ்வாக இருந்தது. இஞ்சின் அறையின் சுவரில் ஆட்டோவேக் எனும் சிறு தொட்டி. இஞ்சின் ஓடும்போது அதன் உறிஞ்சல், பின்தொட்டியின் பெட்ரோலை இச்சிறு தொட்டிக்கு மேலேற்றும். அங்கிருந்து அது கார்புரேட்டருக்கு வழியும்.

பெரியவர் முதலில் பிசினாகிப்போன பழைய பெட்ரோலை வடித்துத் தொட்டியைக் கழுவினார். மூடியிலிருந்த ஊசிமுனைத் துளையை ஊதிப் பார்த்தார். காற்று உள்ளே புகாவிட்டால் பெட்ரோல் வெளியே வராதாம். பின்தொட்டியில் புதுப் பெட்ரோல் நிரப்பினார். பின்பு சிறு தொட்டியின் மேல் திருகைக் கழற்றி, ஒரு குவளை பெட்ரோலை உள்ளே ஊற்றினார்.

"பின்னாலதான் தொட்டி நிறைய இருக்கே! இதில் எதற்கு?" என்று கேட்டோம்.

"இஞ்சின் ஓடினாத்தான் சாமி, இது பெட்ரோலை இழுக்கும். பெட்ரோல் இருந்தாத்தான் இஞ்சின் ஓடும். அதனால முதல் குவளையை நாமதான் ஊத்தணும்."

கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி, தகர டப்பாவை ஏந்தினார். சொட்டுச் சொட்டாக விழுந்தது. "பத்தாது, சாமி" என்றார். வடிகட்டும் வலையில் துரு அடைத்திருந்தது. துடைத்து மாட்டியதும் கம்பியாக வழிந்தது. சோக்கை இழுத்து, ஹேண்டிலைச் சுழற்றினார். நான்காம் சுற்றில் இஞ்சின் உறுமி எழுந்தது. ஆச்சி கைகூப்பினார்.

சில நிமிடங்களில் அது நின்றது. உறிஞ்சும் குழாயின் இணைப்பில் காற்று கசிந்து, பின்தொட்டியின் பெட்ரோல் மேலேறவில்லை. பெரியவர் சலிக்கவில்லை. இணைப்பை இறுக்கினார், மறுபடி குவளையை எடுத்தார். "தானா இழுக்கிற வரைக்கும் ஊத்தத்தான் வேணும், சாமி."

அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது. அவருடைய மகன் மூன்றாண்டுகளாகக் கோயிலுக்கு வருவதில்லை. பங்கில் எழுந்த ஒரு பூசலில் மனம் நொந்து ஒதுங்கியவன். ஒருநாள் கடைத்தெருவில் நம்மைக் கண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். "முதலில் பூசைக்கு வா, பிறகு பேசுவோம்" என்று கூறி நகர்ந்துவிட்டோம். அதைக் கண்டிப்பு என்றே அன்று எண்ணியிருந்தோம். ஓடிக் காட்டு, பெட்ரோல் தருகிறோம் என்று இஞ்சினிடம் சொல்வதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

இத்தனைக்கும் குருமடத்தில் நாம் கருத்தாய்ப் படித்த பாடம் இது. 529ஆம் ஆண்டு ஓராஞ்சு நகரில் கூடிய சங்கம், விசுவாசத்தின் தொடக்கமும், விசுவசிக்க வேண்டுமென்ற ஆவலும்கூட இறையருளின் கொடையே என்று போதித்தது. மனிதன் ஓரடி வைப்பதற்கு முன்பே அருள் அவனிடம் வந்து சேர்கிறது. தேர்வில் அதை எழுதி நல்ல மதிப்பெண் பெற்றோம். அந்த அருளுக்கு ஒரு குவளையாக இருக்க வேண்டிய நாமோ, கடைத்தெருவில் கையை மடக்கிக்கொண்டோம்.

கார் இம்முறை நிற்கவில்லை. பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டார். "இப்ப தானா குடிக்குது, சாமி."

இரவு மிதிவண்டியை எடுத்துக்கொண்டு அம்மகனின் வீட்டுக்குச் சென்றோம். திண்ணையில் அமர்ந்து, அன்று அவன் சொல்ல வந்ததைச் சொல்லுமாறு வேண்டினோம். நெடுநேரம் பேசினான். நம்மேலும் குறை சொன்னான். அதில் நியாயமும் இருந்தது. மன்னிப்புக் கேட்டோம். கோயிலுக்கு வருவதாக அவன் சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை.

விடைபெறும்போது, "மறுபடி வருவீங்களா, சாமி?" என்றான்.

வருவோம் என்றோம். தானாக இழுக்கும் வரை ஊற்ற வேண்டுமல்லவா?