மூன்று கட்டங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் தயங்கினேன். அம்மாவும் தம்பியும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.

அப்பா 2020 ஏப்ரலில் காலமானார். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிலிருந்த காலம். தம்பிக்குச் சிங்கப்பூரில் வேலை. புறப்பட்டு வந்திருந்தால் 14 நாள் தனிமைப்படுத்தும் மையத்தில் இருந்திருப்பான். தகனத்தைப் பார்த்திருக்க முடியாது. வேலைக்குத் திரும்புவதும் உறுதியில்லை. இவையெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், "மனமிருந்தால் வந்திருப்பான்" என்றே உறவினர்களிடம் சொல்லி வந்தேன். 2022 ஏப்ரல் 1இல் எல்லை திறந்தது. அதன்பின் அவன் குளுவாங்கிற்கு வந்ததெல்லாம் நான் பள்ளியில் இருக்கும் வேளை பார்த்துத்தான்.

எங்களுக்கிடையே அம்மாதான் தூது. "அக்கா மருந்துச் செலவைக் கேட்கிறாள்" என்று அங்கே; "தம்பிக்கு வேலைப்பளுவாம்" என்று இங்கே. இரு பக்கத்துச் சுடுசொற்களையும் தாமே விழுங்கிக்கொள்வார். 2023இல் இரத்த அழுத்தம் ஏறி இருமுறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அப்போதுதான் உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் இணையவழிக் குடும்ப ஆலோசனையைப் பற்றிச் சொன்னார்.

தமிழில் பேசும் ஆலோசகர் எங்கள் ஊரில் அகப்படவில்லை. பினாங்கில் ஒருவர் கிடைத்தார். 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவர்தானா என்று முதலில் சரிபார்த்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இணையத்தில் யாரும் தம்மை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அம்மாவும் நானும் ஒரே மடிக்கணினி முன் அமர்ந்திருந்தோம். அவர் ஒப்பவில்லை. அம்மாவை வேறோர் அறையில், வேறொரு கைப்பேசியுடன் அமரச் சொன்னார். இருவர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம் என்றால் அது வழக்காடுமன்றம் ஆகிவிடுமாம். தம்பி வீட்டில் தனிமை இல்லாததால் அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில் காருக்குள் இருந்தான். திரையில் மூவருக்கும் ஒரே அளவான கட்டம். எல்லோரும் எங்கே இருக்கிறோம், அருகில் வேறு யாரும் உண்டா, இணைப்பு அறுந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

இருவருக்கிடையே இறுக்கம் மிகும்போது மூன்றாமவர் ஒருவரை உள்ளே இழுத்துக்கொள்வதை அமெரிக்க மனநல மருத்துவர் மரே போவன் 'முக்கோணம்' என்று அழைத்தார். எங்கள் வீட்டு முக்கோணத்தை ஆலோசகர் முதல் அமர்விலேயே கண்டுகொண்டார். அம்மா வாய் திறக்கும்போதெல்லாம், "அதை அவர்களே சொல்லட்டும், அம்மா" என்பார். அம்மா பாவம், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது அமர்வில் தம்பி பேசினான். "அப்பாவைக் கொண்டு போனபோது கைப்பேசியில் காட்டினாய், அக்கா. பாதியில் இணைப்பு அறுந்துவிட்டது. காருக்குள் அந்த இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்."

இணைப்பு அறவில்லை. நான்தான் துண்டித்தேன். 'இவனுக்கு இவ்வளவு போதும்' என்று அந்த நொடியில் தோன்றியது. பிறகு எல்லோரிடமும் அலைவரிசை சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதை அன்று சொன்னேன். மூன்று கட்டங்களிலும் அசைவில்லை. ஒருகணம் திரைதான் உறைந்துவிட்டதோ என்று எண்ணினேன். ஆலோசகர் எதுவும் சொல்லாமல் காத்திருந்தார். தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவுமில்லை.

"அப்பாவின் அஸ்தியை எங்கே கரைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டான்.

மூன்றாண்டுகளாக அவனுக்கு அதுகூடத் தெரியாது. அம்மா சொல்ல வாயெடுத்தார். பிறகு தாமே நிறுத்திக்கொண்டார்.

"பத்து பகாட் கடலில், தம்பி. கட்டுப்பாடு தளர்ந்த பிறகு, ஜூன் மாதத்தில்," என்றேன்.