மேகத்துக்குக் குழாய் போட்ட கதை

ஒரு கதை ஞாபகத்தில் இருக்கும். அதன் பெயர் இருக்காது. எழுதியவர் யார், எங்கே படித்தோம் என்பதும் மறந்திருக்கும். நடுவில் ஒரு காட்சி மட்டும் பளிச்சென்று மனத்தில் நிற்கும். வாசக சகோதரிகளே, இந்த அவஸ்தை உங்களில் பலருக்கு உண்டு என்று எனக்குத் தெரியும். "ஒரு தொடர்கதை வந்ததே, கதாநாயகி ரயிலில் பெட்டியைத் தொலைத்து விடுவாளே, அது எந்த வருஷம்?" என்ற ரீதியில் நம் காரியாலயத்துக்கு வாரம் இரண்டு கடிதமாவது வரும். பதில் எழுதுவது என் பொறுப்பு. ஊராருக்கெல்லாம் கதை தேடிக் கொடுக்கும் நான், என் சொந்த அத்தை கேட்ட கதையைக் கண்டுபிடிக்க முடியாமல் ஆறு மாதம் திண்டாடினேன்.

அத்தைக்குத் தருமபுரி ஜில்லாவில், பென்னாகரத்துக்கு அருகே ஒரு கிராமம். பென்னாகரத்திலிருந்து ஏறக்குறைய பத்துக் கல் தொலைவில் ஒகேனக்கல்லில் காவேரி ஹோவென்று விழுகிறது. அத்தையின் தெருவிலோ, நான் சிறுமியாகப் போன கோடை விடுமுறைகளில், ஒரே ஓர் அடிபம்பு. அதற்கு முன்னால் குட வரிசை. அந்தத் தண்ணீரும் நல்ல தண்ணீர் அல்ல. அந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை ஏறும். வருஷக்கணக்காகக் குடித்தால் எலும்பும் வளையும். அத்தை இன்றைக்கும் வாயைப் புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டுதான் சிரிப்பார்.

குட வரிசையில் நிற்கும்போது அத்தை சொன்ன கதை இது: "ஒரு ஊரிலே பொம்பிளைங்கதான் ராஜ்யம். ராணியும் பொம்பிளை. படிச்ச பொம்பிளைங்க எல்லாம் சேர்ந்து ஆகாசத்திலே பெரிய பலூன் விட்டு, அதிலே குழாயை மாட்டி, மேகத்திலேயிருந்து தண்ணியை நேரா இறக்கிட்டாங்க. சூரியனைப் பிடிச்சு அடுப்பிலே வச்சுட்டாங்க. ஆம்பிளைங்க எல்லாம் வீட்டுக்குள்ளே அடுப்பு வேலை. குடத்தைத் தூக்கிட்டுத் தண்ணிக்குப் போறதும் அவங்கதான்!"

வரிசை முழுவதும் சிரிக்கும். யார் வீட்டுக்காரர் எத்தனை குடம் தூக்குவார் என்று பந்தயம்கூட நடக்கும்.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அத்தை கேட்டார்: "கண்ணு, நீதான் பத்திரிகையிலே இருக்கியே, அந்தக் கதை எந்தப் புஸ்தகத்திலே இருக்குதுன்னு பாரேன். நான் சொன்னா பேத்தி நம்ப மாட்டேங்குறா. நானே கட்டி விட்டேனாம்."

"உங்களுக்கு யார் சொன்னாங்க அத்தை?"

"பள்ளிக்கூடத்திலே ஒரு டீச்சர். பட்டணத்திலேருந்து வந்தவங்க. பேரு... சாராவோ என்னவோ."

ஒரு துப்புக் கிடைத்து விட்டது என்று குதித்தேன். பென்னாகரத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியைகள் நான்கைந்து பேரை விசாரித்தேன். சாரா டீச்சரைப் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை. காரியாலயத்தில் ஒரு பெரியவர், "விஞ்ஞானக் கதையா? சுஜாதாவைத் தவிர வேறு யார்?" என்று அடித்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைதோறும் சுஜாதாவின் தொகுதிகளைப் புரட்டினேன். நேரம் இன்பமாகவே கழிந்தது. பலூன் மட்டும் கிடைக்கவில்லை. இன்னொருவர், "எச்.ஜி.வெல்ஸாக இருக்கும்" என்றார். வெல்ஸ் செவ்வாய்க்கிரகத்தாரைப் பூமிக்கு வரவழைத்தார். ஆண்பிள்ளைகளைச் சமையலறைக்குள் அனுப்பியதாக எனக்கு நினைவில்லை.

கடைசியில் அது தானாகவே அகப்பட்டது. ஒரு சிநேகிதியின் குழந்தைக்குப் பிறந்த நாள் பரிசு வாங்கச் சென்னையில் ஒரு புத்தகக் கடைக்குப் போனேன். கோண்டு ஓவியர் துர்காபாய் தீட்டிய படங்களுக்காகவே ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தேன். ஆரம்பத்திலேயே "சிஸ்டர் சாரா" வந்தாள்! கதை சொல்கிறவள் நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். யாரோ ஒரு பெண் வந்து நிற்கிறாள். அவளைத் தன் தோழி சாரா என்று நினைத்துக்கொண்டு ஊர் சுற்றிப் பார்க்கப் புறப்படுகிறாள். அவள் தோழியைப் பற்றித் தப்பாக நினைத்தாள். அத்தையும் நானும் டீச்சரைப் பற்றி. பக்கத்தைத் திருப்பினேன். பலூன், குழாய், மேகம்! கடையில் நின்றபடியே முழுவதையும் படித்து விட்டேன். பரிசு வாங்க மறந்து போயிற்று.

கதையின் பெயர் "சுல்தானாவின் கனவு". எழுதியவர் ரொக்கேயா சகாவத் ஹுசேன். வங்காளத்தில் 1880-இல் ஒரு முஸ்லிம் ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டுப் பெண்களுக்குக் கடுமையான கோஷா. ஆங்கிலம் படிக்கக்கூடாது. மூத்த சகோதரர் இரவில், வீடு உறங்கிய பிறகு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் தங்கைக்குக் கற்றுக் கொடுத்தாராம். கணவர் பாகல்பூரில் டிப்டி மாஜிஸ்திரேட். அவர் சுற்றுப்பயணம் போயிருந்த இரண்டு நாளில் பொழுது போவதற்காக எழுதிய கதை இது. திரும்பி வந்த மனிதர் உட்காரக்கூடத் தோன்றாமல் நின்றுகொண்டே படித்து முடித்து, "பலே பழிதான்!" என்ற பொருள்படச் சொன்னார் என்பார்கள். கணவர் காலமான பின், 1909-இல் அவர் பெயராலேயே ரொக்கேயா பெண்கள் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1911-இல் அது கல்கத்தாவுக்கு மாறிற்று.

இனித்தான் என்னைத் தூக்கி வாரிப் போட்ட சமாசாரம். இந்தக் கதை முதன் முதலில் 1905-இல் அச்சானது கல்கத்தாவில் அல்ல; நமது சென்னையில்! கமலா சத்தியநாதன் என்ற பெண்மணி 1901-இல் இங்கே தொடங்கி நடத்திய "இந்தியன் லேடீஸ் மேகஸின்" என்ற மாதப் பத்திரிகையில். தருமபுரி அப்போது இதே சென்னை ராஜதானியில், சேலம் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு தாலுகா. நான் வாங்கிய படப் புத்தகமும் நூறு வருஷம் கழித்து, 2005-இல், சென்னை தாரா புக்ஸ் வெளியிட்டதே. ஒரு பத்திரிகைக்காரி தேட வேண்டிய முதல் இடம் பழைய பத்திரிகை. நான் கடைசி வரை அங்கே தேடவில்லை. வெட்கம்தான்.

ரைட் சகோதரர்கள் பறந்து இரண்டு வருஷம்கூட நிரம்பாத காலத்தில், ரொக்கேயாவின் பெண்கள் ஆகாய வண்டியில் போகிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேமித்துப் புகையே இல்லாமல் சமைக்கிறார்கள். எதிரி படையெடுத்து வந்ததும், சர்வகலாசாலைத் தலைவி இரண்டாயிரம் மாணவிகளுடன் போய்ச் சூரியக் கதிரைத் திருப்பியே விரட்டுகிறாள். அதற்கு ஒரு நிபந்தனை: பெண்கள் வெளியே வருமுன் ஆண்கள் அந்தப்புரத்துக்குள் போய்விட வேண்டும். போனவர்கள் போனவர்கள்தான்! இருபத்தொரு வயதுக்கு முன் அந்த நாட்டில் எந்தப் பெண்ணுக்கும் கல்யாணம் கிடையாது. நம் சட்டம் 1978-இல் பதினெட்டுக்கு வந்து சேர்ந்தது.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கதையைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிய பிறகு அத்தை தெருவுக்குக் காவேரித் தண்ணீர் குழாயில் வந்துவிட்டது. அந்தக் குழாயடித் திண்ணையில் பேத்தியை உட்கார வைத்துப் படித்தேன். அத்தை கண்ணை மூடிக் கேட்டார். பலூன் வந்ததும், "பாத்தியா?" என்று பேத்தியின் தொடையில் ஒன்று வைத்தார்.

"ஆம்பிளைங்க குடம் தூக்கறது எங்கே கண்ணு?"

"அது இதிலே இல்லையே அத்தை. சமையலும் குழந்தை வளர்ப்பும்தான் இருக்கு."

"இல்லாமே எப்படி? வரிசையிலே நின்னவங்க எல்லாருக்கும் தெரியுமே."

மேலே படித்தேன். கடைசியில் கதை சொல்கிறவள் ஆகாய வண்டியிலிருந்து சறுக்கி விழித்துக் கொள்கிறாள். தன் வீட்டு நாற்காலியிலேயே இருக்கிறாள். அத்தை கண்ணைத் திறந்தார்.

"கனவா?"

"ஆமாம் அத்தை. தலைப்பே கனவுதான்."

"டீச்சர் அப்படிச் சொல்லலே" என்றார். குரலில் கோபமே இருந்தது. "குழாய் போட்டாங்க, தண்ணி வந்துச்சு. அதோட முடிஞ்சுச்சு."

போன மாதம் மறுபடியும் போயிருந்தேன். பேத்தி அந்த நோட்டை எழுத்துக்கூட்டிப் படித்துக் கொண்டிருந்தாள். வாங்கிப் புரட்டினேன். கடைசித் தாளை அட்டையோடு சேர்த்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, அத்தை ஊக்குக் குத்தி வைத்திருந்தார்.