அரசன் வழக்கும் காவற் கர்தினாலும்

முற்காலத்தில் ரோமாபுரியிலிருந்த கர்தினால்மாருள் சிலர், 'காவற் கர்தினால்' என்னும் பெயரால், அந்நிய இராச்சியங்களின் காரியங்களைப் போப்பரசர் சமுகத்தில் எடுத்துரைக்கும் பொறுப்புடையராயிருந்தனர். அரசன் குறித்த குருமாரை மேற்றிராணியார் பதவிக்கு முன்மொழிவதும் அவர்தம் கடமையே. இத்தகையோருள் என் மனத்தைவிட்டு அகலாதவர், இங்கிலாந்தின் காவலராயிருந்த லொரென்சோ கம்பெஜ்ஜியோ.

அவர் பொலோஞா நகரில் சட்டம் போதித்தவர். இல்லறம் நடத்தி, மனைவி இறந்தபின்னரே குருநிலை எய்தி, 1517-இல் கர்தினாலானவர். எட்டாம் ஹென்றியரசன் அவருக்குச் சால்ஸ்பரி மேற்றிராணியார் பதவியையும் அதன் வருவாயையும் அளித்திருந்தான்.

1528-இல், கத்தரீன் இராணியோடு தனக்கு நிகழ்ந்த விவாகம் செல்லாதென்று தீர்ப்புப் பெற விழைந்த ஹென்றியின் வழக்கை விசாரிக்க, ஏழாம் கிளெமெந்து போப்பரசர் அனுப்பியதும் இவரையே. அரசனுக்காகப் பரிந்து பேசவேண்டியவர் அவன் வழக்கிலேயே நீதிபதியாய் அமர்வதென்றால், அது எத்துணைச் சங்கடம்! கத்தரீனோ ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்திக்குச் சிறிய தாயார். அச்சக்கரவர்த்தியின் சேனை 1527-இல் ரோமாபுரியைச் சூறையாடிய அச்சம் போப்பரசரை விட்டு நீங்கவில்லை. ஆதலின், இயன்றமட்டும் காலந்தாழ்த்துக என்பதே கம்பெஜ்ஜியோவுக்கு இடப்பட்ட கட்டளை. அவரை வாட்டிய கீல்வாதமும் அதற்கு உதவியது. பிரயாணத்திலேயே பல வாரங்கள் கழிந்தன.

கன்னியர் மடம் புகுமாறு அவர் கூறிய யோசனையை இராணி மறுத்தாள். 1529 ஜூன் 21-இல், பிளாக்பிரையர்ஸ் மன்றத்தில் கணவன்முன் முழந்தாளிட்டு முறையிட்டு, பின்னர்த் திரும்பிப் பாராமல் வெளியேறினாள். ஜூலையில் தீர்ப்பை எதிர்பார்த்து அனைவரும் கூடியிருக்க, கம்பெஜ்ஜியோ, ரோமாபுரி நீதிமன்றங்களுக்கு விடுமுறைக்காலம் வந்துவிட்டதென்று கூறி, வழக்கை அக்டோபர்வரை ஒத்திவைத்தார்! வகுப்பில் இதனைச் சொல்லுந்தோறும் மாணவர் நகைப்பர். விடுமுறையின் அருமை அவர்க்குத் தெரியாததன்று.

எனக்கு நகைப்பு வருவதில்லை. தமக்கு ஊதியமளித்த அரசன் எதிரே நின்று வற்புறுத்தவும், அவன் விரும்பிய தீர்ப்பை அவர் கூறவில்லை. அதனைக் கோழைமை என்று தள்ளிவிட என் மனம் ஒருப்படவில்லை. ஆயினும் அத்தாமதத்தின் விலையைக் கொடுத்தவள் இராணியே. அவள் விவாகம் செல்லுமென ரோமாபுரி தீர்ப்பளித்தது 1534 மார்ச்சில்; அதற்கு முந்திய ஆண்டே ஹென்றி ஆன் பொலினை மணந்துவிட்டான்.

கம்பெஜ்ஜியோ நாடு திரும்புகையில், டோவர் துறைமுகத்தில் அரசனுடைய ஆட்கள் அவர் பெட்டிகளைத் திறந்து சோதித்தனர். 1534-இல் பாராளுமன்றம் சால்ஸ்பரிப் பதவியையும் பறித்துவிட்டது. அவர் 1539-இல் ரோமாபுரியில் இறந்தார். கத்தரீன் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, தன்னை இராணியென்று அழைக்கவும் தடைசெய்யப்பட்டவளாய், கிம்போல்ட்டன் மாளிகையில் உயிர்நீத்தாள்.