வயலுக்குப் போய்ச் சேர்ந்த காவிரி

அன்புள்ள யாழினிக்கு,

பெரியம்மா எழுதுவது. பூம்புகாரில் காவிரி கடலில் சேரும் இடத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தச் சின்ன வாய்க்காலா காவிரி?" என்று கேட்டிருந்தாய். உங்கள் மான்ட்ரியலில் ஓடும் செயின்ட் லாரன்ஸ், கடலை நெருங்க நெருங்க அகன்றுகொண்டே போகிறது. அதைப் பார்த்து வளர்பவளுக்கு இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். பதில் கொஞ்சம் நீளம். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக மக்கள் இந்த ஆற்றைப் பிரித்துப் பிரித்து வயலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் பரிமாறிக்கொண்டே போகிற சாம்பார் வாளி, கடைசி இலைக்கு வரும்போது எப்படி இருக்கும்? பூம்புகார்தான் அந்தக் கடைசி இலை.

முதலில் மேற்கே போவோம். கர்நாடகத்தின் குடகு மலையில், தலைக்காவிரி என்ற இடத்தில் ஆறு பிறக்கிறது. அங்கிருந்து கடல்வரை சுமார் 800 கிலோமீட்டர். வழியில் ஹேமாவதி, கபினி, அர்க்காவதி, பவானி, நொய்யல், அமராவதி எல்லாம் வந்து சேர்கின்றன. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பெய்தால்தான் மேட்டூர் அணை நிரம்பும். தஞ்சாவூர் விவசாயி ஜூன் மாதத்தில் தன் ஊர் வானத்தைவிடக் குடகு வானத்தைப் பற்றித்தான் அதிகம் விசாரிப்பார்.

மைசூருக்குப் பக்கத்தில் ரங்கனதிட்டு என்று ஒரு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் மைசூர் அரசர் ஒருவர் பாசனத்துக்காக ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டினார். அதனால் ஆற்றுக்குள் சின்னச் சின்னத் திட்டுகள் உண்டாயின. அவற்றில் மஞ்சள் மூக்கு நாரையும் கரண்டிவாயனும் கூழைக்கடாவும் கூடு கட்டத் தொடங்கின. பறவை அறிஞர் சாலிம் அலி அதைப் பார்த்துவிட்டுத் தம் காலத்து மைசூர் அரசரிடம் பேசினார். 1940இல் அது சரணாலயம் ஆயிற்று. நெல்லுக்காகக் கட்டிய அணை பறவைகளுக்கு வீடாகிவிட்டது. பாறைகளில் வாயைத் திறந்தபடி முதலைகள் வெயில் காய்வதையும் அங்கே படகில் போகிறவர்கள் பார்க்கலாம்.

இன்னும் கீழே சிவசமுத்திரத்தில் ஆறு அருவியாக விழுகிறது. 1902லேயே அங்கே மின்சாரம் எடுத்து, கம்பி வழியாகக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். பெங்களூருத் தெருவில் 1905இல் எரிந்த மின்விளக்கும் காவிரி கொடுத்ததுதான்.

அதற்குப் பிறகு காடு. ஒகேனக்கலைச் சுற்றி, கரையோரம் வளர்ந்து நிற்கும் நீர்மருத மரங்களில் சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. மரத்துக்கு மரம் கிளை தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதனால் நிம்மதியாக நடமாட முடியும். நடுவில் நாலு மரத்தை வெட்டினால் அதற்குப் பாதை அறுந்துபோகும். நீர்நாய்கள் கூட்டமாக மீன் பிடிப்பதும் இந்தப் பகுதியில்தான். யானைகள் தண்ணீர் குடிக்க வரும். 2022இல் தமிழ்நாடு அரசு இங்கே காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தை அறிவித்தது.

இந்த ஆற்றின் பெரிய அதிசயம் தண்ணீருக்குள் இருக்கிறது. முதுகில் திமில் மாதிரி மேடும், ஆரஞ்சு நிறத் துடுப்பும் உள்ள மகாசீர் மீன். 50 கிலோவுக்கு மேலும் வளரும். உலகத்தில் காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மட்டும்தான் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தூண்டில்காரர்கள் தேடிவந்த இந்த மீன் எந்த இனம் என்பதே 2018இல்தான் உறுதியாயிற்று. அதற்குள் அது அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. அணைகள், மணல் அள்ளுதல், வெடி வைத்து மீன் பிடித்தல் எல்லாம் காரணம். போதாததற்கு, நல்லது செய்வதாக நினைத்து வேறு இன மகாசீர்க் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பெருகி இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

மலையைவிட்டு இறங்கியதும் மேட்டூர். 1925இல் வேலை தொடங்கி 1934இல் முடிந்த அணை. முழு நீர்மட்டம் 120 அடி; கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி.) அணை கட்டியபோது பல ஊர்கள் நீரில் மூழ்கின. கோடையில் நீர் வற்றும்போது பண்ணவாடியில் ஒரு பழைய தேவாலயத்தின் கோபுரமும் ஒரு கோயில் நந்தியும் வெளியே தெரியும். கீழே காவிரி டெல்டாவில் இருக்கும் வயல்களுக்காகத் தங்கள் வயலைக் கொடுத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அணையைப் பற்றிப் பேசும்போது அவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. நடுவில் இருக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். கொள்ளிடம் தாழ்வானது, விட்டால் தண்ணீர் முழுக்க அதில் இறங்கி நேரே கடலுக்குப் போய்விடும். ஸ்ரீரங்கத்தைத் தாண்டியதும் இரண்டு ஆறுகளும் மறுபடி நெருங்கி வருகின்றன. அங்கே காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் மறிப்பதுதான் கல்லணை. கரிகால் சோழன் கட்டியது என்பது வழிவழியாக வரும் செய்தி.

ஆற்று மணலில் எவ்வளவு தோண்டினாலும் பாறை தட்டாது. அப்படியானால் அஸ்திவாரம் எதன்மேல் நிற்கும்? பெரிய பெரிய கற்களை மணலில் போட்டார்கள். வெள்ளம் அடியில் அரிக்க அரிக்கக் கல் கீழே இறங்கும். மேலே இன்னொரு கல் போடுவார்கள். இறங்குவது நின்றதும் அதன்மேல் அணை. 19ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதை உற்றுக் கவனித்து, மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இங்கேதான் கற்றோம் என்று ஒப்புக்கொண்டார். 1836இல் முக்கொம்பில் அவர் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைத் தொடங்கியதும், பிறகு கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டியதும் இந்தப் பாடத்தை வைத்துத்தான். பெயர் தெரியாத நம் ஊர் ஆட்கள் அவருக்கு ஆசிரியர்கள் என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று தண்ணீர் பிரிகிறது. பிறகு குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், வெட்டாறு, இன்னும் எத்தனையோ. ஒவ்வொன்றிலிருந்தும் வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வரப்போர மடை. இப்படித்தான் ஆறு நெல்லாகிறது.

ஆனால் ஆறு சுருங்கியதற்குப் பாசனம் மட்டும் காரணம் என்று சொன்னால் உனக்குப் பாதி உண்மைதான் கிடைக்கும். மேலே அணைகள் பெருகின. தண்ணீரைப் பங்கிடுவதில் மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் 1892லும் 1924லும் ஒப்பந்தங்கள் ஆயின. பிறகு 1990இல் நடுவர் மன்றம், 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஓர் ஆண்டில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டியது 177.25 டி.எம்.சி. என்று அதில் முடிவாயிற்று. மழை குறைந்த ஆண்டில் அதுவும் சிக்கல்தான். மணலை லாரி லாரியாக அள்ளியதால் ஆற்றின் படுகை பல இடங்களில் பள்ளமாகிவிட்டது. 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்தபோது முக்கொம்பில் காட்டன் காலத்து அணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. பக்கத்திலேயே புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

நீ வாய்க்காலா என்று கேட்ட அதே பூம்புகாரில் ஒரு காலத்தில் கப்பல்கள் நின்றன. 1960களில் அருகே கீழையூரில் அகழாய்வு செய்தவர்கள், செங்கல்லால் கட்டிய பழைய படகுத்துறையைக் கண்டுபிடித்தார்கள்.

உன் அம்மாவிடம் ஜூலை கடைசிக்கு டிக்கெட் எடுக்கச் சொல். ஆற்றில் தண்ணீர் பெருகுவதைக் கொண்டாடும் ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3இல் வரும். மேட்டூர் அணையை வழக்கமான நாளான ஜூன் 12இல் திறந்திருந்தால் தண்ணீர் அதற்குள் கடைமடைவரை வந்திருக்கும். முதலில் முக்கொம்பு, அப்புறம் கல்லணை, கடைசியாகப் பூம்புகார். பேருந்திலேயே போகலாம், வழியில் எத்தனை பாலம் கடக்கிறோம் என்பதை நீ எண்ணு.

அன்புடன்,
பெரியம்மா