சும்மா இருக்கத் தெரிந்த டப்பா

என் மேசை இழுப்பறையில் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இவற்றிலிருந்து விஜிஏவுக்கு மாற்றித் தரும் அடாப்டர்கள் ஏழு கிடக்கின்றன. எல்லாம் கட்டைவிரல் நீளம், ஒரு பக்கம் பிளக், மறுபக்கம் பதினைந்து ஓட்டை. விலை மட்டும் 250 ரூபாயிலிருந்து 1,800 வரை. ஏழில் ஒன்றுதான் தினமும் வேலை பார்க்கிறது. மற்ற ஆறும் எனக்குப் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்ற வாத்தியார்கள்.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் சிஸ்டம் பார்க்கிறவன் நான். பல வருடங்களுக்கு முன் அலுவலகத்திலிருந்த பன்னிரண்டு சிஆர்டி மானிட்டர்களைக் கழித்துவிட்டு எல்சிடி போட்டோம். பதினொன்று காயலான் கடைக்குப் போயின. பழைய சாமான் கடைக்கு அந்தப் பெயர் வந்ததே பக்கத்துக் காயல்பட்டினத்துக்காரர்களால்தான் என்று இங்கே சொல்வோம். பன்னிரண்டாவது, 17 இன்ச் சாம்சங் சிங்க்மாஸ்டர், என் பைக் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தது. "இருக்க இடமே பத்தல, இதுல ஆபீஸ் குப்பையையும் தூக்கிட்டு வந்துட்டியளா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான்.

பதில் சொல்ல வேண்டுமானால் மட்டக்கடைப் பக்கம் நான் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிய வீடியோ கேம் கடையிலிருந்து தொடங்க வேண்டும். மாரியோவும் காண்ட்ராவும் அந்தக் காலத்துப் படக்குழாய்க்கென்றே வரைந்த படங்கள். 256 புள்ளி அகலம், 240 வரி உயரம், அவ்வளவுதான். எல்சிடியில் அவற்றைப் போட்டால் மாரியோ தொப்பி ஓடு அடுக்கிய மாதிரி சதுரம் சதுரமாகத் தெரியும். சிஆர்டியில் எலக்ட்ரான் கற்றை ஒவ்வொரு வரியாகத் தீற்றிக்கொண்டு போகும்போது புள்ளியின் ஓரம் லேசாகக் கரையும். தீற்றிய வெளிச்சம் உடனே மங்கிவிடுவதால், ஓடும் உருவம் இழுபடாது. ஓவியன் மனதில் வைத்திருந்த திரை அதுதான்.

திரை கிடைத்துவிட்டது. வாங்கிய புதுக் கம்ப்யூட்டரில் அதைச் செருக இடமில்லை. 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ அனலாக் சமாச்சாரம். எண்களை மின்னழுத்தமாக மாற்றும் வேலையைக் கிராபிக்ஸ் கார்டே உள்ளுக்குள் செய்துவந்தது. 2013-ல் ஏஎம்டி ஆர்9 290 கார்டில் அனலாக் வெளியீடு போனது. 2016-ல் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலும் போனது. கார்டுக்குள் இருந்த அந்த மாற்றி இப்போது வெளியே வந்து, கட்டைவிரல் டப்பாவுக்குள் குடியிருக்கிறது. அதனால்தான் டப்பா தேர்வு இத்தனை முக்கியம்.

முதல் பாடத்துக்கு 250 ரூபாய். ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை விஜிஏ, நடுவில் வெறும் வயர். உள்ளே சிப்பே கிடையாது. எண்ணை வோல்ட்டாக மாற்ற ஆளில்லாத வயரில் படம் எப்படி வரும்? மானிட்டர் சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டுத் தூங்கப்போனது. டிவிஐ முனையிலும் இதே ஏமாற்று உண்டு. டிவிஐ-ஐ என்றால் அதில் அனலாக் ஊசிகள் இருக்கும், வெறும் மாற்று முனை போதும். டிவிஐ-டி என்றால் இருக்காது.

இரண்டாவது பாடத்துக்கு 1,800 ரூபாய். முதல் அனுபவத்தில் சூடுபட்டு, இருப்பதிலேயே பெரிய எண் போட்ட டிஸ்ப்ளேபோர்ட் அடாப்டரை வாங்கினேன். இந்த வர்க்கத்தில் நொடிக்கு எத்தனை புள்ளிகளை மாற்ற முடியும் என்பதுதான் பெரிய எண். பிக்சல் கிளாக் என்பார்கள், மெகாஹெர்ட்ஸில் சொல்வார்கள். 300 மெகாஹெர்ட்ஸைத் தாண்டுபவையும் உண்டு. சோனியின் 24 இன்ச் எஃப்டபிள்யூ900 போன்ற ராட்சத மானிட்டருக்கு அவை வேண்டும். அதன் கிடைமட்ட அதிர்வெண், அதாவது நொடிக்கு எத்தனை வரி வரையும் என்பது, 121 கிலோஹெர்ட்ஸ் வரை போகும்.

என் சிங்க்மாஸ்டர் ஏற்பது 30 முதல் 70 கிலோஹெர்ட்ஸ் வரைதான். 1024×768 படத்தை நொடிக்கு 85 தடவை வரைந்தால் 68.7 கிலோஹெர்ட்ஸ், ஏறக்குறைய அதன் உச்சவரம்பு. அதற்கு வேண்டிய பிக்சல் கிளாக் வெறும் 94.5 மெகாஹெர்ட்ஸ். சாதாரண 165 மெகாஹெர்ட்ஸ் எச்டிஎம்ஐ அடாப்டரே தாராளம். 1600×1200-ஐ 85 தடவை வரையும் மானிட்டர் வைத்திருப்பவருக்கு 229.5 வேண்டும். அவர்தான் பெரிய அடாப்டருக்குச் செலவழிக்க வேண்டியவர். நான் கட்டுமரத்துக்குக் கப்பல் நங்கூரம் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் கடற்கரையில் முத்து வியாபாரிகள் முத்தை முதலில் பித்தளைச் சல்லடைகளில் போட்டுத் தரம் பிரிப்பார்கள். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனாலும் அந்த முறை மனதில் நிற்கிறது. சல்லடை பருமனை மட்டும்தான் சொல்லும். உருண்டையா, ஒளி இருக்கிறதா என்பதற்குக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மெகாஹெர்ட்ஸ் அந்தச் சல்லடை. தேறியதை அப்புறம் கண்ணால் சோதிக்க வேண்டும்.

கண்ணால் சோதிப்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு டிவி மெக்கானிக் அண்ணாச்சி. படக்குழாய் காலம் முடிந்து மிக்ஸி, கிரைண்டர் பார்த்துக்கொண்டிருந்தவர். என் மானிட்டரில் ஓடிய விளையாட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் ட்யூப் லைட்டை அணைத்தார். படத்தின் கறுப்புப் பகுதிகளெல்லாம் சாம்பல் பூத்த அடுப்பு மாதிரி இருந்தன. "நீ வெளிச்சத்தையே பாத்துக்கிட்டு இருக்க தம்பி. இருட்டைப் பாரு" என்றார்.

விஜிஏ வயரில் முழு வெள்ளை என்றால் 0.7 வோல்ட், கறுப்பு என்றால் பூஜ்யம். நடுவில் 0 முதல் 255 வரை படிகள். ஒரு படிக்கு 2.7 மில்லிவோல்ட்தான். ஆனால் தொலைக்காட்சி உலகின் வழக்கம் வேறு. அங்கே கறுப்பு 16-ல் தொடங்கி வெள்ளை 235-ல் முடியும். கம்ப்யூட்டர் எதிரே இருப்பது டிவி என்று நினைத்துக்கொண்டு அந்த வழக்கப்படி அனுப்ப, அடாப்டர் அதை அப்படியே வோல்ட்டாக்கினால், கறுப்புக்குப் பூஜ்யத்துக்குப் பதில் 44 மில்லிவோல்ட் போகும். சாம்பல் அதுதான். இரண்டு அடாப்டர்களை இந்தக் குற்றத்துக்காக இழுப்பறைக்கு அனுப்பியிருந்தேன். கடைசியில் பார்த்தால் கிராபிக்ஸ் அமைப்பில் வண்ண வீச்சை 'முழு' என்று மாற்றினால் தீர்ந்தது. நிரபராதிகள் இரண்டு பேரும் விடுதலை.

அண்ணாச்சியின் அடுத்த சோதனை கோடு. ஒரு புள்ளி கறுப்பு, ஒரு புள்ளி வெள்ளை என்று திரை முழுக்க நிமிர்ந்த கோடுகள். ஆர்டெமியோ உர்பினா உருவாக்கிய 240பி டெஸ்ட் சூட்டில் இந்த மாதிரிப் படங்கள் வரிசையாக உண்டு. நல்ல அடாப்டரில் கோடு கோடாகவே நிற்கும். மட்டமானதில் வெள்ளை முழுதாக ஏறும் முன்பே இறங்க வேண்டியிருப்பதால் எல்லாம் கலங்கிய மோர் நிறமாகிவிடும்.

மூன்றாவது, சூடும் சாப்பாடும். எச்டிஎம்ஐ முனை 5 வோல்ட்டில் 55 மில்லிஆம்பியராவது தரவேண்டும் என்பது விதி. அதற்கு மேல் தருவது அந்தந்தக் கருவியின் தயவு. அதிகம் தின்னும் சிப் இருந்தால் அரைமணி நேரம் நன்றாக ஓடி, பிறகு படம் விட்டுவிட்டு வரும். பக்கவாட்டில் யுஎஸ்பி மின்சாரத்துக்குத் துளை வைத்த அடாப்டர் நல்லது. அதற்கு மொபைல் சார்ஜரைக் கொடுத்தேன். திரையில் மெல்லிய பட்டைகள் மேலே ஊர்ந்தன. ஒரு படியே 2.7 மில்லிவோல்ட்டாக இருக்கும் இடத்தில் மலிவான சார்ஜரின் இரைச்சல் புகுந்தால் ஊராமல் என்ன செய்யும்? அதே கம்ப்யூட்டரின் யுஎஸ்பியில் மாற்றிச் செருகினேன், போய்விட்டது.

மேல்வரம்பு பற்றி எல்லோரும் பேசுவார்கள். பழைய விளையாட்டுக்காரனுக்குக் கீழ்வரம்புதான் கழுத்தைப் பிடிக்கும். 240 வரிப் படத்தை நொடிக்கு 60 தடவை அனுப்பினால் 15.7 கிலோஹெர்ட்ஸ்தான் வரும். அது டிவிக்கான வேகம், 30-க்குக் கீழே என் மானிட்டர் திரும்பிப் பார்க்காது. எச்டிஎம்ஐயும் 25 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே பிக்சல் கிளாக்கை ஏற்காது. வழி ஒன்று உண்டு. 640×240 படத்தை நொடிக்கு 120 தடவை அனுப்புவது. கணக்குப் போட்டால் 31.4 கிலோஹெர்ட்ஸ், 25.2 மெகாஹெர்ட்ஸ். இரண்டு வாசலும் சரியாகத் திறக்கும். விளையாட்டின் ஒரு சட்டகம் இரண்டு தடவை வரையப்படுவதால் ஓடும் உருவத்துக்கு நிழல் விழும். ஒன்றுவிட்டு ஒன்றைக் கறுப்பாக்கும் வசதி, பழைய விளையாட்டுகளை ஓட்டும் ரெட்ரோஆர்க் மென்பொருளில் இருக்கிறது. அதைப் போட்டால் நிழலும் போகும். இப்படிக் கையால் எழுதிய அளவுகளை மறுபேச்சில்லாமல் கடத்துகிறதா என்பதுதான் என் கடைசிச் சோதனை. ஏழில் இரண்டு, தங்களுக்குத் தெரிந்த அளவுப் பட்டியலைத் தாண்டி எதையும் விடமாட்டேன் என்று அடம்பிடித்தன. தினமும் உழைப்பது ஏஜி6200 என்ற சிப் போட்ட, பெயரில்லாத, 450 ரூபாய் டப்பா. பழைய கருவிகளை வன்பொருளிலேயே மறுபடி உருவாக்கும் மிஸ்டர் எஃப்பிஜிஏ ஆட்களும் எச்டிஎம்ஐ வழியாக நேரடி அனலாக் படம் எடுக்க இந்தச் சிப்பைத்தான் தேடுவார்கள்.

மானிட்டர் இல்லாதவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரு சிஆர்டி வந்த காலம் உண்டு. 2006 தேர்தல் வாக்குறுதிப்படி அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கி அரசு கொடுத்த 14 இன்ச் இலவசக் கலர் டிவி. திரேஸ்புரத்தில் என் அக்கா வீட்டுப் பரணில் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்கு மஞ்சள், வெள்ளை ஏவி துளைகள்தான். இங்கேதான் பெரிய பள்ளம். எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் வெள்ளைப் பெட்டி கடையில் கிடைக்கும், பார்க்க நம் அடாப்டரின் அண்ணன் மாதிரி. ஆனால் அது வெறும் மாற்றி இல்லை. வந்த படத்தை வாங்கி, நினைவில் வைத்து, அளவைச் சுருக்கி, ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று பிரித்து, பிறகுதான் அனுப்பும். 240 வரியின் திருத்தமும் போகும், நேரமும் போகும்.

நேரம் போனால் என்ன என்பவருக்கு வீடியோ கேமில் வாத்து சுடும் துப்பாக்கியைக் காட்டுவேன். விசையை அழுத்தியதும் திரை ஒரு சட்டகம் கறுப்பாகி, அடுத்ததில் வாத்து இருக்குமிடத்தில் வெள்ளைச் சதுரம் வரும். துப்பாக்கிக் கண் அந்த நொடியில் வெளிச்சத்தைத் தேடும். ஒரு சட்டகம் என்பது நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் 20 மில்லிசெகண்ட். படம் அந்த அளவுக்குத் தாமதித்தாலே வெள்ளைச் சதுரம் வரும் முன் துப்பாக்கி பார்த்து முடித்துவிடும், வாத்து பறந்துவிடும். ஆகவே அந்த டிவிக்கு வெள்ளைப் பெட்டி வேண்டாம். ராஸ்பெர்ரி பை 3 என்ற குட்டிக் கம்ப்யூட்டரின் ஆடியோ துளையிலேயே காம்போசிட் படம் வருகிறது. அதன் அமைப்புக் கோப்பில் எஸ்டிடிவி மோடுக்கு 16 என்று கொடுத்தால் 240 வரி அப்படியே இறங்கும். நிறம் வராமல் அடம்பிடிக்கும் டிவிக்கு 18, அது 50 ஹெர்ட்ஸில் ஓடும். மூன்று தலை வயரில் தரைக்கம்பி எந்த வளையத்தில் இருக்கிறது என்று மீட்டரால் பார்த்து வாங்குங்கள். எல்லா வயரும் ஒன்றில்லை.

இன்னொன்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும். உப்பளக் காற்றில் விஜிஏ ஊசிகள் ஒரு மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும். சிவப்பு ஊசியில் பூத்தால் படம் முழுக்க நீலப்பச்சை. மானிட்டர் போய்விட்டது என்று எறியாதீர்கள், ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய 2023 டிசம்பர் மழையில் என் கீழ் இழுப்பறை மூழ்கியது. 1,800 ரூபாய் அடாப்டர் அன்றோடு சரி. மானிட்டரின் உள்ளே மட்டும் கைவைக்காதீர்கள். அணைத்த பிறகும் படக்குழாயில் ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரம் தங்கும். அது அண்ணாச்சி மாதிரி ஆட்களின் வேலை.

ஏழு டப்பாவும் சேர்ந்து கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். நல்ல அடாப்டர் படத்தை அழகாக்காது, கூர்மையாக்காது, பெரிதாக்காது, நினைவில் வைக்காது. வந்த எண்ணை வோல்ட்டாக்கிவிட்டுச் சும்மா இருக்கும். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று மனிதர்களிடம் பார்த்திருக்கிறேன். சிப்புகளுக்கும் அப்படித்தான் போல.

போன மாதம் அக்கா மகன் வந்தான். "மாமா, எந்த அடாப்டர் வாங்கட்டும்?" என்றான். முதலில் உன் மானிட்டர் எதுவரை ஏற்கும் என்று பார்த்து வா என்றேன். பிறகு விளக்கை அணைத்துவிட்டு என்னுடையதை ஓடவிட்டேன். விளையாட்டு தொடங்குமுன் சில நொடி வெறும் கறுப்பு.

"மாமா, மானிட்டர் ஆன் ஆகலியே?"

"ஆன்லதான்டா இருக்கு" என்று கன்ட்ரோலரை அவன் கையில் கொடுத்தேன்.